பிட்யூட்டரிக் கட்டி: மூக்கு வழி அறுவை சிகிச்சையில் மீயொலி வழிகாட்டல்

மூளையின் அடிப்பகுதியில் அமைந்துள்ள பிட்யூட்டரி சுரப்பியில் தோன்றும் கட்டிகளை, மண்டையோட்டைத் திறக்காமல், மூக்குத் துளை வழியாகவே அகற்றும் அறுவை சிகிச்சை இன்று பரவலாக மேற்கொள்ளப்படுகிறது. அகநோக்கி (எண்டோஸ்கோப்) எனப்படும் மெல்லிய ஒளிக்குழாய் இவ்வறுவையில் மருத்துவரின் கண்ணாக விளங்குகிறது. எனினும், அகநோக்கி திசுக்களின் மேற்பரப்பை மட்டுமே காட்டும். அதன் பின்னால் மறைந்திருக்கும் கட்டியின் எஞ்சிய பகுதியையும், மிக அருகே ஓடும் பெரிய இரத்தக் குழாயையும் அறிய மீயொலி (அல்ட்ராசவுண்ட்) துணைபுரிகிறது.

இந்நோய் என்ன, அறுவை எவ்வாறு நடைபெறுகிறது, மீயொலியால் பெறும் பயன் எது, அதன் வரம்புகள் எவை, அறுவைக்குப் பின் வீட்டில் கவனிக்க வேண்டியவை யாவை என்பனவற்றை இப்பக்கம் விளக்குகிறது. தென்காசி மாவட்டம், சங்கரன்கோவில் வட்டம், பனவடலிசத்திரம் போன்ற ஊர்களிலிருந்து உயர் சிகிச்சைக்காக நகர மருத்துவமனைகளுக்குச் செல்வோர்க்குத் தேவையான தகவல்களும் இதில் இடம்பெற்றுள்ளன.

பிட்யூட்டரி சுரப்பி

பிட்யூட்டரி (கபச் சுரப்பி) பட்டாணி அளவுடையது. அதன் எடை ஏறத்தாழ அரை கிராம். இரு கண்களுக்கும் நடுவே, மூக்கின் பின்புறத்தில், மண்டையோட்டின் அடித்தளத்தில் உள்ள 'செல்லா' என்னும் எலும்புக் குழியில் இது அமைந்துள்ளது. வளர்ச்சி, தைராய்டு மற்றும் அட்ரினல் சுரப்பிகளின் இயக்கம், மாதவிடாய், விந்தணு உற்பத்தி, தாய்ப்பால் சுரப்பு, சிறுநீரின் அளவு ஆகியவற்றை இச்சுரப்பியின் இயக்குநீர்கள் (ஹார்மோன்கள்) ஒழுங்குபடுத்துகின்றன.

இதன் அமைவிடமே சிகிச்சையைக் கடினமாக்குகிறது. சுரப்பிக்கு மேலே, இரு கண்களின் பார்வை நரம்புகளும் குறுக்கே சந்திக்கும் இடம் உள்ளது. இருபுறமும் மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் கரோட்டிட் தமனிகளும், கண்ணை அசைக்கும் நரம்புகளும் உள்ளன. கீழே, மூக்கின் பின்புறத்தில், ஸ்பீனாய்டு என்னும் காற்றறை உள்ளது. இந்தக் காற்றறையே அறுவை மருத்துவருக்கு வாயிலாக அமைகிறது.

கட்டிகளின் வகைகளும் அறிகுறிகளும்

பிட்யூட்டரிக் கட்டிகளுள் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. உடலின் பிற பாகங்களுக்குப் பரவுவதில்லை. 10 மில்லிமீட்டருக்குக் குறைவானவை சிறுகட்டிகள் எனவும், அதற்கு மேற்பட்டவை பெருங்கட்டிகள் எனவும் வகைப்படுத்தப்படுகின்றன. இக்கட்டிகள் இரு வழிகளில் தீங்கு விளைவிக்கின்றன. சில, இயக்குநீரை மிகையாகச் சுரக்கின்றன. சில, எதையும் சுரக்காமல் வளர்ந்து அருகிலுள்ள உறுப்புகளை அழுத்துகின்றன.

இயக்குநீர் மிகையால் தோன்றும் அறிகுறிகள்:

- புரோலாக்டின் மிகை: பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோதல், கருவுறாமலேயே மார்பில் பால் கசிதல், குழந்தைப்பேறின்மை, ஆண்களுக்குப் பாலுணர்வுக் குறைவு.
- வளர்ச்சி இயக்குநீர் மிகை (அக்ரோமெகாலி): மோதிரமும் செருப்பும் ஆண்டுக்காண்டு இறுகுதல், தாடை நீளுதல், பல்லிடைவெளி கூடுதல், மிகை வியர்வை, குறட்டை, நீரிழிவு.
- கார்டிசால் மிகை (குஷிங் நோய்): முகம் வட்டமாதல், வயிற்றில் ஊதா நிறக் கோடுகள், தசைத் தளர்ச்சி, எளிதில் தோல் கன்றுதல், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தமும் சர்க்கரையும்.

அழுத்தத்தால் தோன்றும் அறிகுறிகள்:

- தொடர்ந்த தலைவலி.
- இரு பக்கவாட்டுப் பார்வையும் குறைதல்.
- பசியின்மை, சோர்வு, குளிர் தாங்காமை போன்ற இயக்குநீர்க் குறைவின் விளைவுகள்.

இவற்றுள் பக்கவாட்டுப் பார்வை இழப்பைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். நேர்ப்பார்வை நன்றாக இருப்பதால், பார்வை குறைவதை நோயாளி நெடுநாள் உணராமலே இருக்கக்கூடும். நெடுஞ்சாலையைக் கடக்கும்போது பக்கத்தில் வரும் பேருந்தைக் காணாமை, கதவு நிலையில் அடிக்கடி இடித்துக்கொள்ளுதல், தறி ஓட்டும்போதோ பீடி சுற்றும்போதோ ஓரத்தில் உள்ள பொருள் கண்ணில் படாமை போன்றவை முதல் குறிப்புகளாக இருக்கலாம். கண்ணாடி மாற்றியும் இக்குறை தீராவிடில், பார்வைப் புலச் சோதனை செய்துகொள்ள வேண்டும். நரம்பு நெடுங்காலம் அழுத்தப்பட்டிருந்தால், கட்டியை அகற்றிய பின்னரும் பார்வை முழுமையாகத் திரும்பாமல் போகலாம்.

நோயைக் கண்டறிதல்

இரத்தத்தில் இயக்குநீர்களின் அளவு, பார்வைப் புலச் சோதனை, சாயம் செலுத்தி எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் ஆகிய மூன்றும் அடிப்படைச் சோதனைகளாகும். மூக்கின் எலும்பு அமைப்பை அறியச் சி.டி. ஸ்கேனும் எடுக்கப்படலாம்.

மீயொலி ஸ்கேன் மையத்தில் தலையின் மீது கருவியை வைத்துப் பிட்யூட்டரிக் கட்டியைக் கண்டறிய இயலாது. பெரியவர்களின் மண்டையோட்டு எலும்பு மீயொலியைத் தடுத்துவிடுகிறது. அறுவையின்போது எலும்பில் ஒரு சிறு வாயில் திறக்கப்பட்ட பின்னரே மீயொலியால் உள்ளே காண முடியும். இப்பக்கத்தில் கூறப்படும் மீயொலி, நோயைக் கண்டறியும் சோதனை அன்று. அறுவை அரங்கில் பயன்படும் வழிகாட்டி ஆகும்.

எல்லாக் கட்டிகளுக்கும் அறுவை தேவையா?

தேவையில்லை. புரோலாக்டின் சுரக்கும் கட்டிகள் பெரும்பாலானோருக்குக் கேபர்கோலின் போன்ற மாத்திரைகளாலேயே சுருங்குகின்றன. அறிகுறி ஏதுமின்றி, வேறு காரணத்திற்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தென்படும் சிறுகட்டிகளைக் குறித்த கால இடைவெளியில் கண்காணித்தாலே போதுமானது. பார்வையை அழுத்தும் கட்டிகள், வளர்ச்சி இயக்குநீரையோ கார்டிசாலைத் தூண்டும் இயக்குநீரையோ மிகையாகச் சுரக்கும் கட்டிகள், மருந்துக்கு அடங்காத கட்டிகள் ஆகியவற்றுக்கே பொதுவாக அறுவை பரிந்துரைக்கப்படுகிறது.

மூக்கு வழி அறுவையின் வளர்ச்சி

மூக்கின் பாதையில் பிட்யூட்டரிக் கட்டியை முதன்முதலாக அகற்றியவர் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் பணியாற்றிய ஹெர்மன் ஷ்லோஃபர், ஆண்டு 1907. அவர் மூக்கை வெளிப்புறமாகக் கீறித் திறக்க வேண்டியிருந்தது. அமெரிக்க மருத்துவர் ஹார்வி குஷிங், மேலுதட்டின் உட்புறம் வழியாகச் செல்லும் முறையை வளர்த்தெடுத்தார். 1960களில் கனடாவின் மான்ட்ரியால் நகரில் ஜூல்ஸ் ஆர்டி நுண்ணோக்கியைப் பயன்படுத்தி, நலமான சுரப்பியைப் பேணியவாறே சிறுகட்டியை மட்டும் அகற்றலாம் என்பதை நிறுவினார். 1990களில் அகநோக்கி முறை பரவலாயிற்று.

தமிழ்நாட்டில் நரம்பியல் அறுவைத் துறை நீண்ட மரபுடையது. 1949ஆம் ஆண்டு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் ஜேக்கப் சாண்டி தொடங்கிய துறையே இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையாகும். அடுத்த ஆண்டு, சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவர் பி. ராமமூர்த்தி இத்துறையைத் தொடங்கினார்.

அறுவை எவ்வாறு நடைபெறுகிறது?

நோயாளிக்கு முழு மயக்கம் அளிக்கப்படும். ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள அகநோக்கி மூக்குத் துளை வழியாகச் செலுத்தப்படும். காது மூக்கு தொண்டை மருத்துவரும் நரம்பியல் அறுவை மருத்துவரும் பெரும்பாலும் இணைந்து செயல்படுவர். ஸ்பீனாய்டு காற்றறை திறக்கப்பட்டு, செல்லாவின் மெல்லிய எலும்புத் தளம் நுண்துளைக் கருவியால் நீக்கப்படும். அதன் பின்னுள்ள மூளையுறை கீறப்பட்டு, கட்டி சிறிது சிறிதாகச் சுரண்டி உறிஞ்சி எடுக்கப்படும். இறுதியில், மூளையைச் சூழ்ந்துள்ள திரவம் கசியாதவாறு நோயாளியின் கொழுப்பு அல்லது மூக்கின் உட்சவ்வைக் கொண்டு வாயில் அடைக்கப்படும். முகத்தில் தழும்பு ஏற்படுவதில்லை.

இவ்வறுவையில் மருத்துவருக்கு இரு வினாக்கள் இறுதிவரை தொடர்கின்றன. கட்டி முழுவதும் நீங்கிற்றா? கரோட்டிட் தமனி எவ்வளவு அருகில் உள்ளது?

முதல் வினா ஏன் கடினமானது எனில், பெருங்கட்டியின் நடுப்பகுதி நீக்கப்பட்டதும், மேலிருந்த மெல்லிய சவ்வு குழிக்குள் தாழ்ந்து வந்து, மேற்பகுதியிலோ ஓரங்களிலோ எஞ்சியுள்ள கட்டியை மறைத்துவிடும். எஞ்சிய கட்டி பின்னர் மீண்டும் வளரலாம். மறு அறுவையோ கதிர்வீச்சோ தேவைப்படலாம். அதே நேரத்தில், மிகையாகச் சுரண்டினால் நலமான சுரப்பி சிதைந்து, நோயாளி வாழ்நாள் முழுவதும் இயக்குநீர் மாத்திரைகளைச் சார்ந்திருக்க நேரிடும். இரண்டாம் வினா உயிர் சார்ந்தது. கரோட்டிட் தமனியில் காயம் ஏற்படுவது மிக அரிது. நேர்ந்தாலோ பக்கவாதமும் உயிரிழப்பும் விளையக்கூடும்.

மீயொலி எவ்வாறு செயல்படுகிறது?

மனிதச் செவிக்கு எட்டும் ஒலியின் மேல் எல்லை நொடிக்கு 20,000 அதிர்வுகள். அதற்கு மேற்பட்டது மீயொலி. கருவியின் முனையிலிருந்து புறப்படும் மீயொலி, மென்திசுவில் நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் வேகத்தில் சென்று, ஒரு திசு முடிந்து மற்றொன்று தொடங்கும் எல்லைகளில் எதிரொலிக்கிறது. எதிரொலி திரும்பி வர எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொண்டு ஆழமும், அதன் வலிமையைக் கொண்டு படத்தின் வெண்மையும் கணிக்கப்படுகின்றன. கர்ப்பிணிகளுக்கு எடுக்கப்படும் ஸ்கேனின் அடிப்படையும் இதுவே. இதில் கதிர்வீச்சு இல்லை.

வேறுபாடு அதிர்வெண்ணில் உள்ளது. வயிற்று ஸ்கேனுக்கு 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள் பயன்படுகின்றன. அவை ஆழமாகச் செல்லும், ஆனால் நுணுக்கம் குறைவு. பிட்யூட்டரி அறுவையில் 10 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேற்பட்ட அலைகளும் பயன்படுகின்றன. அவை சில சென்டிமீட்டர் ஆழத்திற்கு மேல் செல்லா. ஆனால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நுணுக்கத்தைத் தரும். இங்குத் தேவைப்படுவதும் அந்தச் சிறு ஆழமே.

எலும்பு மட்டுமன்றிக் காற்றும் மீயொலிக்குத் தடையாகும். ஆகையால், அறுவைக் குழி உப்பு நீரால் (சலைன்) நிரப்பப்பட்ட பின்னரே படம் எடுக்கப்படுகிறது. ஸ்கேன் மையத்தில் வயிற்றின் மீது குழைவான களிம்பு தடவுவதும் இதே காரணத்திற்காகத்தான்.

அறுவை அரங்கில் மீயொலியின் பயன்

மூக்கின் குறுகிய பாதையில் நுழைய, மெல்லிய நீண்ட தண்டும் விரல் நகத்தினும் சிறிய முனையும் கொண்ட புரோப் தேவை. மருத்துவரின் கை அகநோக்கியின் பார்வையை மறைக்காதவாறு சில புரோப்கள் வளைந்த பிடியுடன் அமைக்கப்படுகின்றன. சில முன்னோக்கியும், சில பக்கவாட்டிலும் படம் காட்டும்.

1. மூளையுறையைக் கீறும் முன்: எலும்பு நீக்கப்பட்டதும், புரோப் மூளையுறையின் மீது வைக்கப்படுகிறது. தமனிகள் இருபுறமும் எங்கே ஓடுகின்றன, கட்டி எங்கே தொடங்குகிறது, கீறலை எங்கே அமைக்கலாம் என்பன அறியப்படுகின்றன.

2. கட்டியைத் தேடும்போது: சிறுகட்டிகள் பெரும்பாலும் நலமான சுரப்பியைவிட வெண்மையாகத் தோன்றுகின்றன. திரவம் நிறைந்த பைகள் கருமையாகத் தெரியும். இவ்வேறுபாடு, சுரப்பியின் எந்தப் பகுதியைத் திறக்க வேண்டும் என்பதைச் சுட்டுகிறது.

3. கட்டியை அகற்றும்போது: குழியில் உப்பு நீர் நிரப்பி மீண்டும் படம் எடுக்கப்படுகிறது. எஞ்சிய கட்டி, தாழ்ந்து வந்த சவ்வு, பார்வை நரம்புச் சந்தி, தமனி ஆகியன ஒரே படத்தில் தெரிகின்றன. சில நிமிடங்களில் முடிவதால், தேவையான ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்யலாம்.

4. முடிக்கும் முன்: கட்டி நீங்கியதையும், குழியில் பெரிய இரத்தக் கசிவு இல்லாததையும் உறுதி செய்ய இறுதிப் படம் எடுக்கப்படுகிறது.

தமனியின் குரலைக் கேட்கும் டோப்ளர்

ஓடும் இரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாறுகிறது. இம்மாற்றத்தை அளப்பதே டோப்ளர் முறை. படம் காட்டும் கருவிகளில் இரத்த ஓட்டம் வண்ணமாகத் தெரியும்.

இதன் எளிய வடிவம் நுண்டோப்ளர் ஆகும். பென்சில் போன்ற மெல்லிய தண்டின் முனையை ஐயமுள்ள இடத்தில் வைத்தால், அடியில் தமனி இருப்பின் நாடித்துடிப்பு ஒலிபெருக்கியில் கேட்கும். ஒலி கேட்காத இடத்தில் கீறலாம். கேட்கும் இடத்தில் விலக வேண்டும். இக்கருவி படம் எதையும் தருவதில்லை. எஞ்சிய கட்டியைக் காட்டாது. ஆயினும், விலை குறைவாகவும் பயன்படுத்த எளிதாகவும் இருப்பதால், படம் காட்டும் மீயொலியைவிட இதுவே பல மருத்துவமனைகளில் வழக்கத்தில் உள்ளது. ஒருமுறை அறுவை செய்யப்பட்டு மீண்டும் கட்டி வளர்ந்தோருக்கும், கட்டி தமனியைச் சுற்றிப் படர்ந்தோருக்கும் வழக்கமான அடையாளங்கள் மாறியிருக்கும். அத்தகையோருக்கு இக்கருவி சிறப்பாகப் பயன்படுகிறது.

ஆய்வுகள் கூறுவது என்ன?

குஷிங் நோயில் கட்டி மிகச் சிறியதாக இருக்கும், கணிசமானோருக்கு எம்.ஆர்.ஐ. படத்திலும் தென்படாது. இக்குறையைத் தீர்க்க, அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவன மருத்துவர்கள் 1990களில் அறுவையின்போதே மீயொலியைப் பயன்படுத்தினர். எம்.ஆர்.ஐ.யில் தெரியாத கட்டிகளுள் பலவற்றை மீயொலி காட்டியதை 1998இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு பதிவு செய்துள்ளது. நார்வேயின் டிரான்ட்ஹைம் நகர மருத்துவர்கள், பெருங்கட்டிகளை மூக்கு வழியாக அகற்றும்போது குழிக்குள் செலுத்தத்தக்க சிறிய, உயர் நுணுக்கப் புரோப்பைப் பயன்படுத்திய அனுபவத்தை 2010இல் வெளியிட்டனர்.

இந்தியாவில் மூளைக் கட்டி அறுவைகளில் மீயொலி நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. கட்டி எவ்வளவு அகற்றப்பட்டது என்பதை மீயொலி எந்த அளவுக்குச் சரியாகக் காட்டுகிறது என்பது பற்றி வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2003இல் ஆய்வு வெளியிட்டுள்ளனர். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் முப்பரிமாண மீயொலி பயன்படுத்தப்பட்டுள்ளது. இவை மண்டையோட்டைத் திறந்து செய்யப்படும் அறுவைகள். அங்குப் பெரிய புரோப்பை மூளையின் மீதே வைக்க முடியும். மூக்கின் குறுகிய பாதைக்கேற்ற சிறு புரோப் அதே நுட்பத்தின் அடுத்த படியாகும்.

மூக்கு வழி அறுவையில் மீயொலி பற்றிய சான்றுகளுள் பெரும்பாலானவை ஒவ்வொரு மருத்துவமனையும் தன் நோயாளிகளைக் கொண்டு செய்த சிறு ஆய்வுகளே. அவை நம்பிக்கை அளிக்கின்றன. ஆனால், மீயொலி பயன்படுத்தியோர், பயன்படுத்தாதோர் எனக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்யப்படும் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகளின் அளவுக்கு அவை உறுதி வாய்ந்தவை அல்ல. ஆகவே, இதனை அறுவையின் கட்டாயக் கூறு எனக் கருதாமல், பயனுள்ள துணை எனக் கருதுவதே பொருத்தமாகும்.

பிற வழிகாட்டி முறைகளுடன் ஒப்பீடு

- கணினி வழிகாட்டல் (நியூரோ நேவிகேஷன்): அறுவைக்கு முன் எடுத்த ஸ்கேன் படத்தை வரைபடமாகக் கொண்டு, கருவியின் இடத்தைத் திரையில் காட்டும். எலும்பு இடம் மாறாததால் பாதையைக் காட்டுவதில் சிறந்தது. ஆனால், கட்டி அகற்றப்பட்ட பின் உள்ளே ஏற்படும் மாற்றங்கள் பழைய படத்தில் தெரியா.
- அறுவை அரங்கில் எம்.ஆர்.ஐ.: எஞ்சிய கட்டியை மிகத் தெளிவாகக் காட்டும். சிறப்பு அரங்கமும் பெருஞ்செலவும் தேவை. ஒவ்வொரு படத்திற்கும் அறுவையை நிறுத்த வேண்டியிருப்பதால் மயக்க நேரம் கூடும்.
- மீயொலி: அந்நொடியின் நிலையைக் காட்டும்; செலவு குறைவு; கதிர்வீச்சு இல்லை; அறுவையை நெடுநேரம் நிறுத்த வேண்டியதில்லை. படத்தின் பரப்பு குறுகியது. படத்தைப் படித்தறியப் பயிற்சி தேவை.

மீயொலியின் வரம்புகள்

- குழியில் காற்றுக் குமிழியோ உறைந்த இரத்தமோ இருந்தால் படம் குழம்பும். இரத்தத்தை நிறுத்த வைக்கப்படும் பஞ்சு போன்ற பொருள்கள் கட்டியைப் போல வெண்மையாகத் தோன்றலாம்.
- சில கட்டிகளின் தோற்றம் நலமான சுரப்பியின் தோற்றத்தை ஒத்திருக்கும்.
- மூக்கின் பாதைக்கேற்ற சிறு புரோப் எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை.
- படத்தைக் காண்பது எளிது. பொருள் கொள்வது கடினம். அனுபவமற்ற கையில் கருவியால் பயன் இல்லை.
- தமனியைச் சூழ்ந்துள்ள கட்டியை மீயொலி காட்டினாலும், பாதுகாப்புக் கருதி அதனை விட்டுவைக்க மருத்துவர் முடிவு செய்யலாம். எஞ்சிய அப்பகுதிக்குப் பின்னர் மருந்தோ கதிர்வீச்சோ அளிக்கப்படும். இது சிகிச்சையின் தோல்வி ஆகாது.

அறுவைக்கு முன் மருத்துவரிடம் கேட்கத்தக்கவை

1. என் கட்டி எவ்வகையைச் சார்ந்தது? மாத்திரையால் குணமாக வாய்ப்புண்டா?
2. என் பார்வை நரம்பு அழுத்தப்பட்டுள்ளதா? அறுவையை எத்தனை நாட்களுக்குள் செய்ய வேண்டும்?
3. கட்டி முழுவதையும் அகற்ற இயலுமா? எஞ்சினால் அடுத்த படி என்ன?
4. தமனியை அடையாளங்காண எந்த வழிகாட்டி முறையைப் பயன்படுத்துவீர்கள்?
5. இம்மருத்துவமனையில் இவ்வறுவை எவ்வளவு அடிக்கடி செய்யப்படுகிறது?
6. அறுவைக்குப் பின் எந்த மாத்திரைகளை எவ்வளவு காலம் உட்கொள்ள வேண்டும்?

இவற்றுள் ஐந்தாம் வினா முதன்மையானது. ஒரு குறிப்பிட்ட கருவி இருப்பதைவிட, இவ்வறுவையைத் தொடர்ந்து செய்துவரும் மருத்துவக் குழு இருப்பதே நோயாளிக்குக் கூடுதல் பாதுகாப்பாகும். மீயொலி இல்லை என்பதற்காகப் பார்வை மங்கிவரும் நிலையில் அறுவையைத் தள்ளிப்போடலாகாது.

அறுவைக்குப் பின் வீட்டில் கவனிக்க வேண்டியவை

- மருத்துவர் கூறும் காலம் வரை மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும்.
- குடம், மூட்டை போன்ற பளுவானவற்றைத் தூக்கக் கூடாது. குனிந்து செய்யும் வேலைகளைத் தவிர்க்க வேண்டும். மலச்சிக்கல் ஏற்படாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.
- மூக்கில் மருத்துவர் பரிந்துரைத்த உப்பு நீர்க் கரைசலைத் தவிர வேறு எதையும் இடக் கூடாது. மூலிகைச் சாறு, எண்ணெய் ஆகியன தீங்கானவை.
- ஒரு நாளில் பருகும் நீரின் அளவையும் கழிக்கும் சிறுநீரின் அளவையும் குறித்து வர வேண்டும். அடங்காத தாகமும் மிகுந்த அளவில் நிறமற்ற சிறுநீரும் இருந்தால் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.
- அறுவைக்குப் பின் முதல் இரு வாரங்களில் இரத்தத்தில் சோடியம் குறையக்கூடும். குமட்டல், தலைவலி, குழப்பம், வலிப்பு ஆகியன அதன் அறிகுறிகள். வெயிலினாலோ களைப்பினாலோ வந்தவை எனக் கருதிவிடக் கூடாது.

ஸ்டீராய்டு மாத்திரை குறித்த எச்சரிக்கை: அறுவைக்குப் பின் பலருக்கு ஹைட்ரோகார்டிசோன் அல்லது பிரெட்னிசோலோன் மாத்திரை அளிக்கப்படும். 'ஸ்டீராய்டு உடலுக்குக் கேடு' எனப் பிறர் கூறுவதைக் கேட்டு இதனை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரிடும். உடல் தானே சுரக்க வேண்டியதற்கு ஈடாகவே இம்மாத்திரை வழங்கப்படுகிறது. காய்ச்சல் வந்தால், மருத்துவர் முன்கூட்டியே எழுதித் தந்தவாறு அளவைக் கூட்ட வேண்டும். வாந்தியால் மாத்திரை தங்காவிடில், உடனே அருகிலுள்ள மருத்துவமனையில் ஊசி மூலம் மருந்து பெற வேண்டும். மாத்திரை தீரும் நாள் வரை காத்திராமல் ஒரு வாரத்திற்கு முன்னரே வாங்கி வைத்தல் நன்று. 'பிட்யூட்டரி அறுவை செய்துகொண்டவர், ஸ்டீராய்டு உட்கொள்பவர்' என்று எழுதிய அட்டையை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். விபத்து நேர்ந்தால், முன்பின் அறியாத மருத்துவருக்கும் அது வழிகாட்டும்.

பின்தொடர் பரிசோதனைகள்: சில வாரங்களில் இயக்குநீர்ச் சோதனையும் பார்வைச் சோதனையும், ஏறத்தாழ மூன்று மாதங்களில் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் செய்யப்படும். அதன் பின்னரும் ஆண்டுதோறும் தொடர் கண்காணிப்பு தேவை. நலமாக உணர்வதால் வர வேண்டியதில்லை என முடிவு செய்துவிடக் கூடாது. கட்டி பல ஆண்டுகள் கழித்தும் வளரக்கூடும்.

பனவடலிசத்திரம் பகுதி மக்களுக்கான வழிகாட்டல்

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ சங்கரன்கோவில் அரசு மருத்துவமனையையோ அணுகலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவிற்கும் மருந்து பெறுவோர், மருந்து உட்கொண்டும் நோய் அடங்காமல், மேற்கூறிய உடல் மாற்றங்களும் தென்பட்டால், அதனை வீடு தேடி வரும் பணியாளரிடமும் மருத்துவரிடமும் கூற வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு முன் எடுத்த நிழற்படம் ஒன்றை உடன் கொண்டு செல்வது, முக மாற்றத்தை மருத்துவர் அறிய உதவும்.

உயர் பரிசோதனைகளுக்குச் சாலை வழியில் எளிதில் அடையத்தக்கது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும் தென் மாவட்ட மக்களுக்கான உயர் சிகிச்சை மையமாகும். பரிந்துரைக் கடிதம், எம்.ஆர்.ஐ. படத்தகடு, அனைத்து இரத்தச் சோதனை அறிக்கைகள், குடும்ப அட்டை, ஆதார் அட்டை, காப்பீட்டு அட்டை ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும். அறிக்கையை மட்டுமன்றிப் படத்தகட்டையும் கொண்டு செல்லுதல் இன்றியமையாதது. அறுவையைத் திட்டமிடப் படமே தேவை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடு கிடைக்கிறது. தங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட அறுவைக்கான ஒப்புதலை, சேர்க்கைக்கு முன்னரே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அடிக்கடி கேட்கப்படும் வினாக்கள்

மீயொலியால் மூளைக்குத் தீங்கு நேருமா?
மருத்துவப் படமெடுப்பில் பயன்படும் ஆற்றல் அளவு மிகக் குறைவு. சில நிமிடங்களே பயன்படுத்தப்படுவதால் தீங்கு எதிர்பார்க்கப்படுவதில்லை.

மீயொலி பயன்படுத்தினால் கட்டி மீண்டும் வராதா?
அவ்வாறு உறுதி கூற இயலாது. எஞ்சிய கட்டியைக் கண்டறிய அது உதவும். மீண்டும் வளர்வது கட்டியின் தன்மையையும் அது பரவியுள்ள இடத்தையும் பொறுத்தது.

அறுவைக்குப் பின் குழந்தைப்பேறு உண்டாகுமா?
இயக்குநீர்கள் சீரானால் பலருக்கு மாதவிடாய் திரும்பி, கருவுறுதல் இயலும். சிலருக்கு இயக்குநீர்ச் சிகிச்சை தேவைப்படும். திட்டமிடும் முன் நாளமில்லாச் சுரப்பியியல் மருத்துவரை அணுக வேண்டும்.

எப்போது பணிக்குத் திரும்பலாம்?
அமர்ந்து செய்யும் பணிகளுக்குச் சில வாரங்களில் திரும்பலாம். பளு தூக்கும் பணிகளுக்குக் கூடுதல் ஓய்வு தேவை. பார்வைப் புலம் சீராகிவிட்டது என உறுதி செய்யும் வரை வாகனம் ஓட்டலாகாது.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

- திடீரெனக் கடுந்தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், இமை தொங்குதல். கட்டிக்குள் இரத்தக் கசிவு ஏற்பட்டிருக்கலாம். அறுவை செய்துகொள்ளாதவர்க்கும் இது நேரலாம்.
- அறுவைக்குப் பின் மூக்கிலிருந்தோ தொண்டைக்குள்ளோ தெளிந்த, உப்புச் சுவையுள்ள நீர் தொடர்ந்து வடிதல்.
- காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, மயக்கம், குழப்பம்.
- மூக்கிலிருந்து நிற்காத இரத்தப் போக்கு.
- ஸ்டீராய்டு உட்கொள்பவர்க்கு வாந்தி, கடுஞ்சோர்வு, இரத்த அழுத்தம் தாழ்தல்.

இந்நிலைகளில் 108 ஆம்புலன்ஸ் சேவையைக் கட்டணமின்றி அழைக்கலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்னும் எண்ணைத் தொடர்பு கொள்ளலாம்.

இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. தங்களுக்குரிய சிகிச்சையைத் தங்களைப் பரிசோதித்த மருத்துவரின் அறிவுரைப்படியே மேற்கொள்ள வேண்டும்.